எத்தனை தடவை?

நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்களோட சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. இது எனக்கே நடந்தது. அதுவும் நடுராத்திரி சுடுகாட்டுல இல்ல... பட்டப்பகல்ல, ஹைதராபாத் அமீர்பேட்டையில, ஏசி போட்ட கம்ப்யூட்டர் லேப்ல.

நான் அப்ப அனிமேஷன் படிச்சுக்கிட்டிருந்தேன். தூங்கற ஆள் ஒருத்தரைச் செய்யணும், அதான் அன்னிக்குப் பாடம். உதயபாஸ்கர் சார் திரையில என் பொம்மையைப் பாத்துட்டு, "மௌனிகா, மூச்சையே காணோமே. தூங்குதா, இல்ல பாடையில ஏத்தணுமா?"ன்னாரு. பக்கத்து சீட் பைடிராஜு விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்கு மானமே போச்சு.

நிஜ ஆளை வீடியோ எடுத்து, அதைப் பாத்துச் செய்யறதுதான் எங்க வழக்கம். உகாதிக்கு எங்க ஊர் நந்தியால் போனப்ப அப்பா தூங்கறதை எடுத்து வெச்சிருந்தேன். அப்பா பஸ் கண்டக்டர். நைட் டியூட்டி முடிச்சுட்டுப் பகல்லதான் தூங்குவாரு. அதைப் பாத்துப் பாத்துப் பொம்மைக்கு மூச்சு குடுத்தேன். நெஞ்சு ஏறுச்சு. இறங்குச்சு. அச்சு அசல் அப்பாவேதான்!

எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. மணி 1:40. லேப்ல நான் மட்டும்தான்.

பொம்மையோட இமை துடிச்சுது.

இமைக்கு நான் அசைவே குடுக்கல. ஏதோ தப்பாத் தட்டிட்டோம்னு நிறுத்தற பட்டனை அழுத்தினேன். படம் நின்னுச்சு... நெஞ்சு மட்டும் ஏறி இறங்கறது நிக்கல.

ஹெட்போன்ல சத்தம். "ஹ்ஹ்... ஹ்ஹ்..."

அந்த ஃபைல்ல நான் ஒலியே சேர்க்கல.

ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி நீண்டுச்சு. நீண்டுக்கிட்டே போச்சு...

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அப்பாவை எழுப்பு."

"இப்பதான்டி படுத்தாரு. எழுப்பினா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு."

"எழுப்பும்மா!"

கதவு திறக்கற சத்தம். அப்புறம் அம்மாவோட அலறல்...

பொம்மையோட நெஞ்சு அசையல.

கை தானா வேலை செஞ்சுது. கடைசி மூணு மூச்சைப் பிடிச்சேன். அதையே திரும்பத் திரும்ப ஓட விடற மாதிரி லூப் போட்டேன். எத்தனை தடவைன்னு திரையில ஒரு பெட்டி கேட்டுது. பெட்டி நிரம்பற வரைக்கும் ஒன்பதாத் தட்டினேன்.

நெஞ்சு ஏறுச்சு.

"வருதுடி! மூச்சு வருது!"

மணி 1:52.

டாக்டர் எல்லாம் சோதிச்சுட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. அப்பா பழையபடி பொரியில செய்யற உக்கானியும் மிளகாய் பஜ்ஜியுமா வெளுத்துக் கட்டினாரு. சில மாசம் கழிச்சு அம்மா மட்டும் ஒரு நாள் கேட்டாங்க: "ஏண்டி, மனுஷன் மூணு மூச்சு விடறாரு, மூணாவதுல லேசாத் திணறறாரு. மறுபடி அதே மூணு. எழுந்திருக்கற வரைக்கும் மாறவே மாட்டேங்குது. இப்படிக்கூடவா தூங்குவாங்க?"

உடனே அந்த ஃபைலைத் திறந்தேன்.

நான் நிரப்பின பெட்டியில ஒரு இலக்கம் குறைஞ்சிருக்கு. ஒன்பதுகளையும் காணோம். நான் பாத்துக்கிட்டிருக்கும்போதே கடைசி எண் ஒண்ணொண்ணா இறங்குது... மாத்தி அடிச்சா ஏத்துக்க மாட்டேங்குது.

நேத்து அப்பா போன்ல சிரிச்சாரு. "என்னம்மா, முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு போன்தான். இப்ப என்ன, மணிக்கு ஒரு போனா?"

"சும்மாதான்பா"ன்னேன்.

வேற என்ன சொல்றது?