ஹார்ட் டிஸ்கில் பூட்டிய குரல்

ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று என் மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் நம்பினாள். நம்பியதால்தான் அதைப் பையில் போட்டுக்கொண்டு, கெட்டுப்போன டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுக்கும் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் பத்தே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மேடம், இது கெட்டுப்போகல. யாரோ பாஸ்வேர்ட் போட்டு என்கிரிப்ட் பண்ணியிருக்காங்க. பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

யாரோ இல்லை. நான்தான்.

அதில் இருந்தது என் மனைவியின் குரல். டயாலிசிஸ் இல்லாத நாட்களில், மத்தியான நேரத்தில், அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்காகப் பேசிப் பதிவு செய்வாள். மகளுக்கு வேலை பெங்களூரின் ஒரு கோடியில், பொம்மசந்திராவில். எங்கள் வீடு ஊரின் இன்னொரு பக்கம், காக்ஸ் டவுனில். வார நாட்களில் அவளால் வர முடியாது. மகள் வரும் வரை தாங்குவோமா என்ற சந்தேகம் மனைவிக்கு. மனைவி போன பிறகு, மகள் அந்தப் பதிவுகளையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி என் அலமாரியில் வைத்தாள். "இப்ப என்னால கேக்க முடியாதுப்பா. ஒரு வருஷம் போகட்டும்" என்றாள். மனைவியின் பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. வேறு பிரதி கிடையாது.

நான் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. எனக்கென்று அவள் எதுவும் பேசி வைக்கவில்லை என்ற எரிச்சலோடுதான் கேட்க உட்கார்ந்தேன். முதல் நான்கிலும் கோலார் தங்கவயலில் அவள் வளர்ந்த லைன் வீடு, சுரங்கத்துக்குப் போன அவள் அப்பா, கருவாட்டுக் குழம்பு. ஐந்தாவதில் நான் வந்தேன்.

"உங்கப்பாவப் பத்தி இன்னா சொல்றது, கண்ணு. முப்பத்தெட்டு வருஷமா நான் வாயத் தொறந்தா பாதியிலயே நிறுத்திடுவாரு. முழுசா ஒரு பேச்ச..."

அங்கேயே நிறுத்தினேன்.

அந்த வாக்கியம் முடியும் வரை பொறுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அன்று தோன்றியது ஒன்றுதான்: செத்த பிறகும் என்மேல் புகார் சொல்கிறாள், அதுவும் மகளிடம். கோபம் வந்தது. டிஸ்கின் பெயர்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, என்கிரிப்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை இரண்டு முறை அடித்தேன். பாஸ்வேர்ட் மறந்துபோனால் உதவுவதற்கென்று கணினி ஒரு நீண்ட எண் வரிசை கொடுத்தது. அதை அச்சிட்டு, கிழித்து, உலர்ந்த குப்பைப் பையில் போட்டேன். குப்பையைப் பிரித்துப் போட என்னைப் பழக்கியவளும் அவள்தான். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடியும் வரை, மத்தியானம் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வயதானவர், தெரியாமல் எதையோ அழுத்திவிட்டார் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். தெரிந்தேதான் செய்தேன்.

கடையிலிருந்து மகள் நேராக வீட்டுக்கு வந்தாள். டிஸ்கைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். ஹெல்மெட் கையிலேயே இருந்தது.

"என்ன பாஸ்வேர்டுப்பா?"

"வாய மூடு."

அவள் முகம் சிவந்தது. "யாரப் பாத்துச் சொல்றீங்க?"

"உன்ன இல்லம்மா. அதான் பாஸ்வேர்ட்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப்பைத் திறந்தாள்.

திறக்கவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'வா'வுக்கு ஏ ஒன்றா இரண்டா, 'மூ'வுக்கு ஓ இரண்டா யு ஒன்றா, நடுவில் இடம் விட்டேனா? ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன் நான். அரசு அலுவலகத்தில் ஒரு எழுத்து தப்பினாலும் கடிதத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியவன். மனைவி அனுப்பும் 'சாப்டீங்களா'விலும் எழுத்துப் பிழை கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன். என் இரண்டு சொற்களை எனக்கே எழுதத் தெரியவில்லை. முப்பது, நாற்பது விதமாக அடித்துப் பார்த்தோம். அதற்கிடையில், எதைக் கேட்டு எங்கே நிறுத்தினேன், ஏன் பூட்டினேன் என்று அவளிடம் சொன்னேன்.

"நல்லா யோசிங்கப்பா."

"யோசிச்சிட்டுத்தான இருக்கேன்."

"அம்மா இருந்தப்பவும் பேச விடல. போனதுக்கு அப்புறமும் பேச விட மாட்டீங்களா? அவங்க உங்கள இன்னா பண்ணாங்க? ஏதாச்சும் சொல்லிட்டாங்கன்னா அது பொய்யாப்பா? சொல்லுங்க, பொய்யா..."

"பாய் முச்சு!"

கத்திவிட்டேன். கன்னடத்தில் அதற்கும் வாயை மூடு என்றுதான் பொருள்.

மகள் அழவில்லை. என் வாயைப் பார்த்தாள், பிறகு விசைப்பலகையைப் பார்த்தாள்.

"வீட்ல தமிழ்தான் பேசணும்னு எங்களுக்குத்தான் ரூலு," என்றாள். "நீங்க அம்மாவத் தமிழ்ல திட்டினதே இல்லியேப்பா. கோவம் வந்தா உங்களுக்குக் கன்னடம்தான்."

உண்மை. அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டுப் பொறுமை இழந்த ஒரு மேலதிகாரி, கவுண்டரில் நின்ற ஜனங்களுக்கு முன்னால் என்னிடம் சொன்ன வார்த்தை அது. அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திருப்பிப் பேசாத ஒருத்தி வீட்டில் இருந்தாள்.

மகள் மெதுவாக, நான் கத்திய கன்னடச் சொற்களையே ஆங்கில எழுத்தில் கூட்டி அடித்தாள். முதல் தடவை 'ச்' ஒன்று அதிகமாகிவிட்டது. இரண்டாம் தடவை திறந்துகொண்டது.

பதிவுகள் வரிசையாக இருந்தன. இருபத்து மூன்று. நான் கேட்டது நாலே முக்கால்.

அவள் இயர்போனை மாட்டிக்கொண்டு ஐந்தாவதை அழுத்தினாள். எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். அந்த இடம் வந்ததை அவள் தோள் அசைவில் கண்டுகொண்டேன். அதற்கு அப்புறமும் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு முறை சிரித்தாள். பிறகு நெடுநேரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொல்லியிருக்கா?" என்றேன்.

ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தாள்.

"அது எனக்குச் சொன்னதுப்பா."

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன், அப்போதும் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் அவளோடு வாழ்ந்தவன் நான். தொண்டை வரை அந்த இரண்டு சொற்களும் வந்து நின்றன.

மகள் பாஸ்வேர்டை மாற்றத் தொடங்கினாள். புதியதை இரண்டு முறை அடிக்க வேண்டும். முதல் முறை அடிப்பதற்கு முன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அவள் அடித்து முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை.