ஐஸ் பெட்டியில் வந்த பெயரில்லாத இறால்

இறால் வியாபாரத்தில் ஐஸ் கரைந்தாலும் சரக்கு போச்சு, கடைக்காரன் மனசு கரைந்தாலும் சரக்கு போச்சு. கடை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கும் ஆளாக நுழைந்து, கத்திக் கத்தியே சொந்தக் கடை போட்டவன் நான்.

பொட்டலம்

ஒருநாள் பூம்புகார்ப் பக்கமிருந்து வந்த பெட்டிக்குள் தனியாக ஒரு பொட்டலம். உள்ளே ஒற்றை இறால், ஆழ்கடல் வலையில் ஏறியதாம். விரல் நீளம், சுண்ணாம்பு வெள்ளை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. முன்கைகள் இரண்டும் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தன. படகுக்காரர் தன் மகள் சல்மாவுக்காக அனுப்பியது. தஞ்சாவூரில் தங்கிக் கடல் உயிர்களை ஆராய்ச்சி செய்யும் பெண். அப்பா அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்தே எனக்குப் போன் மேல் போன். வெளிச்சம் இறங்காத ஆழத்தில் அந்தக் கைகளை நீட்டிப் பாய்ந்து இரை பிடிக்கிற வகையாம். எந்தப் புத்தகத்திலும் இதன் சாடை இல்லையாம்.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன், பத்திரம் அண்ணே. வெறும் படத்துக்குப் பேர் வைக்க மாட்டாங்க, உடம்பு வேணும்."

மச்சினனின் தாராளம்

எடை போட்டு முடித்ததும் கொசுறாக ஒன்றைப் பைக்குள் போடாவிட்டால் நம் வாடிக்கையாளர்கள் நகர மாட்டார்கள். நான் போடுகிற கொசுறு எறும்புக்கே பத்தாது. அன்றைக்கு லோடு இறக்கப் போயிருந்தேன். கடையில் என் மச்சினன். திரும்பி வந்து பார்த்தால் பொட்டலத்தைக் காணோம். நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை பூனை ஓடியது. திருக்காட்டுப்பள்ளி வசந்தா அக்கா பையில் போய்விட்டதாம். போன் அடித்தேன், அக்கா எடுக்கவில்லை.

"ஒத்தையா வெளிறிக் கிடந்துச்சு மச்சான், காசுக்கு யார் வாங்குவா? அதான் கொசுறுல தள்ளிட்டேன்."

ஆற்றோர ரோடு

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் புதிதாக நட்ட நாற்று, தண்ணீருக்குள் வானம். ஆற்றங்கரை ரோடு ஏறியதும் என் கோபம் எங்கே இறங்கிப் போனதென்று தெரியவில்லை. சூரியன் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல், கடல் முழுவதையும் முதுகில் தாங்கிக்கொண்டு, இருட்டை விரல்களால் தடவித் தடவி ஒரு உயிர் வேட்டைக்குப் போகிறது. அந்த இருட்டு எனக்குள்ளும் குளிர்ச்சியாகப் பரவியது. அந்த நினைப்பிலேயே திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிவிட்டேன். டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி வழி கேட்டேன்.

"கடல் இறாலைத் தேடி ஆத்தோரமா வந்த ஆளு நீங்கதாங்க."

அடுப்படி

வசந்தா அக்கா வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொசுறு இறால் எங்கே என்று கேட்டுக்கொண்டே சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். "கொசுறைத் திரும்பக் கேக்குற கடைக்காரனை இப்பத்தான் பாக்குறேன்" என்றபடி அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். உள்ளே அது முழுசாக இருந்தது. கை கூப்பிக்கொண்டிருந்ததை அரிவாள்மனையில் வைக்க அவருக்கு மனசு வரவில்லையாம். அது கும்பிடும் கையல்ல, கொல்லும் கை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறப்பேனா? சல்மா ஆராய்ச்சிக்காகக் காத்திருப்பதை மட்டும் சொல்லி, பதிலுக்கு ஒரு கிலோ இறால் தருகிறேன் என்றேன், அசையவில்லை. இரண்டு கிலோ என்றேன். கிண்ணத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"இறாலெல்லாம் நீயே வச்சுக்க. அந்தப் பொண்ணு இதை என்ன பண்ணுதுன்னு நானும் வந்து பாக்கணும், வண்டியை எடு."

கண்ணாடிக் குப்பி

சல்மா கடை வாசலிலேயே நின்றிருந்தாள். ஒவ்வொரு காலாக எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. புது வகையா இல்லையா என்று முடிவாகச் சொல்ல நாளாகும், ஆனால் சொல்வதற்கு இப்போது உடம்பு இருக்கிறது என்றாள். குப்பியில் இருந்த, கெடாமல் காக்கும் தெளிந்த மருந்துக்குள் இறக்கியதும் அது சுழன்று மெதுவாக அடியில் போய் நின்றது. மார்க்கெட் இரைச்சல் எங்கோ தள்ளிப் போனது மாதிரி இருந்தது. கூப்பிய கை எதற்கென்று சல்மா சொன்னாள். அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி குப்பிக்குள் குனிந்தார்.

"போகட்டும், அந்த இருட்டுல அதுக்கும் பசிக்கும்ல."

பேரத்தில் தோற்றுவிட்டு வாய் மூடி நின்ற என்னைப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையோ என்று மார்க்கெட்டே பயந்துவிட்டது.