பேப்பரில் வந்த தண்ணீர்

காயாத நீலப் பெயிண்டின் வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் உள்ளங்கை தானாக விரிந்துகொள்கிறது. எர்ணாவூரில் எங்கள் தெருமுனையில் ஒரு காலையில் நட்டுவைத்த குழாய்க்கு, நட்ட கையோடு பூசிய பெயிண்ட் அது. அதன் கீழே கையேந்தி நின்ற பத்து வயதுப் பெண் நான். கையில் ஒட்டிய நீலத்தை அம்மா மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்தாள். அந்தக் குழாயில் கழுவ முடியாது. அதற்கு அடியில் பைப்பே போடவில்லை.

நெருக்கடி நிலைக் காலம். ராயபுரத்தில் மாதா கோவில் பக்கத்துச் சந்தில் இருந்த எங்களையும் இன்னும் பல குடும்பங்களையும் எர்ணாவூருக்குக் கொண்டுவந்து புது வீடுகளில் குடிவைத்திருந்தார்கள். வீடு கொடுத்தவர்கள் தண்ணீரை மறந்துவிட்டார்கள். வாரம் மூன்று நாள் லாரியில் வரும் தண்ணீர்தான் குடிக்கவும் சமைக்கவும். லாரி வரும் நாளில் தெருவே திருவிழாவாகிவிடும். ஆட்களுக்கு முன்னால் குடங்கள் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கும், ஹார்பரில் மூட்டை தூக்கும் அப்பாவும் எங்களுக்காக நாலு குடம் சுமந்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

அப்படிப்பட்ட தெருவுக்கு ஒருநாள் அரசாங்க ஜீப்பில் படம் பிடிக்கிறவர் வந்து இறங்கினார் என்றால் கேட்கவா வேண்டும். கல்யாணத்துக்குக்கூட போட்டோ எடுத்துக்கொள்ளாத பெண்கள், பூசைக்குக் கட்டும் புடவையை உடுத்திக்கொண்டு, கனகாம்பரமும் வைத்துக்கொண்டு, காலிக் குடங்களோடு, அன்று காலையில் நட்ட குழாயைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று அம்மா கேட்டதற்கு, முதலில் படம், பின்னாலேயே தண்ணீர் என்றார் அவர். பிறகு, குடம் கனப்பதுபோல் இடுப்பைக் கொஞ்சம் வளைத்து நிற்கச் சொன்னார்.

"காலிக் கொடத்துக்கு இன்னா நைனா வெயிட்டு?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா.

தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவர் படத்தைப் பிடித்தார்.

மறுவாரம் படம் பேப்பரில் வந்தது. எங்கள் பேட்டைக்குக் குடிநீர் வந்துவிட்டது, மக்கள் மகிழ்ச்சி வெள்ளத்தில் திளைக்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எல்லாப் பேப்பரும் அரசாங்கம் பார்த்து அனுப்பியதையே அச்சடித்த காலம். நாலு பேப்பர் வாங்கிப் போட்டுவந்த டீக்கடைக்காரர், நாலிலும் ஒரே சேதிதான் என்று மூன்றை நிறுத்தியிருந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் படத்தை எல்லோருக்கும் காட்டிக் கைதட்ட வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று சொல்லத் தோன்றவேயில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் லாரி வரவில்லை. லாரி அனுப்புகிற ஆபீசில் விசாரிக்கப் போன அப்பாவிடம், உங்களுக்குத்தான் குழாய் வந்துவிட்டதே என்று பேப்பரையே எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பல்லைக் காட்டிச் சிரித்தது எங்களுக்கே எதிரான சாட்சியாகிவிட்டது. பெண்கள் ரயில் பாதையைத் தாண்டி ஒரு கம்பெனி கேட்டில் காத்துக்கிடந்து, காவல்காரர் மனம் இரங்கினால் இரண்டு குடம் கொண்டுவந்தார்கள். என் தம்பிக்குக் காய்ச்சல் கண்ட அன்று வீட்டில் அரைச் சொம்புத் தண்ணீர்தான் இருந்தது. நான் முதன்முதலாக அந்தப் படத்தை வெறுத்தேன்.

பேப்பரில் வந்தது பொய் என்று மனு எழுதலாம் என்றார்கள் சிலர். அப்பா நடுங்கிப்போனார். "கேழ்வரகில் நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு" என்று ஊரையெல்லாம் கேலி செய்கிற மனிதர், அரசாங்கம் சொன்னதைப் பொய் என்றவன் உள்ளே போனான் என்று டீக்கடையில் கேட்ட கதைகளையெல்லாம் எடுத்துவிட்டு, வாயைத் திறக்காதே என்று அம்மாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

"பேப்பரு பொய்யின்னு நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்?" என்றாள் அம்மா. "பேப்பரு நெசம். இந்தக் கொயாதான் பொய் சொல்லிகினு கீது."

மறுநாள் இருபது பெண்கள், ஆளுக்கொரு குடத்தோடு, பஸ் ஏறி, அப்பாவைத் திருப்பி அனுப்பிய அதே ஆபீசுக்கு, அங்கே இருந்த பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனோம். படத்தை அட்டையில் ஒட்டி என் கையில் கொடுத்திருந்தாள் அம்மா. புகார் சொல்ல வந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் படத்தில் இருந்ததுபோலவே சிரித்துக்கொண்டு நின்றார்கள். குழாய் போட்டுக் கொடுத்ததற்கு அரசாங்கத்துக்கு நன்றி சொல்லிவிட்டு அம்மா மெதுவாகக் கேட்டாள்:

"தண்ணி வந்துச்சின்னு கவர்மென்டே பேப்பர்ல போட்டுகீது சார். அத்தப் பொய்யாக்கினு யாரோ தண்ணிய வுடாம வச்சிகீறாங்க. அது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

அதிகாரி முதலில் வாசலைப் பார்த்தார், வெளியே யாருக்காவது கேட்டுவிட்டதா என்று. பிறகு அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். எங்கள் வாயை அடைக்க வந்த பேப்பர், அன்றைக்கு அவர் வாயை அடைத்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் போட்ட கூத்தில் கண்டக்டரே டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். கன்னியம்மா அக்கா அதிகாரியின் முழியை டோல்கேட் முதல் எர்ணாவூர் வரை நடித்துக்காட்டிக்கொண்டே வந்தாள்.

பத்து நாளில் பள்ளம் தோண்டினார்கள், பைப் புதைத்தார்கள், தண்ணீரும் வந்தது. பெண்கள் மறுபடியும் பூசைப் புடவையைக் கட்டிக்கொண்டு படம் பிடிக்கிறவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, அந்தச் சேதிதான் ஏற்கனவே வந்துவிட்டதே என்றார்களாம்.

போன மாதம் ஒரு நூலகத்தில் பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்டி அந்தப் படத்தைக் கண்டுபிடித்தேன். தெருமுனையை இப்போது கன்டெய்னர் லாரி போகும் சாலை விழுங்கிவிட்டது. அம்மாவும் இல்லை, கன்னியம்மா அக்காவும் இல்லை. ஏட்டின்படி எங்களுக்குத் தண்ணீர் வந்தது அந்தப் படம் வெளியான தேதியில்தான்; மெய்யாக வந்த நாள் எந்தப் பேப்பரிலும் இல்லை, அதைச் சொல்லவும் ஆள் குறைந்துகொண்டே வருகிறோம். ஆகவே நானே எழுதிவைக்கிறேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். முதல் குடம் நிரம்பியதும் அம்மா அதை வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை. தெரு பார்க்க, அப்படியே என் தலையில் கவிழ்த்தாள்.