கரவனை உயர்த்திய ஜேசுரட்ணம்

ஜேசுரட்ணம் அண்ணை இலங்கையில் மன்னார் பஸ் டிப்போவில் பதினொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். 1986இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலிருந்த அகதி முகாமில் அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. கதவுப் பிணைச்சலோ தையல் மெசினோ, முகாமில் எது பழுதானாலும் அவரிடம்தான் போகும்.

அந்த வைகாசியில் சிஸ்டர் கெர்ட்ரூட் அவரைத் தேடி வந்தார். நடக்க முடியாத பிள்ளைகள் எட்டுப் பேரைக் கோடைதோறும் காட்டுக்குக் கூட்டிப்போகிறவர். கார் இழுத்துச் செல்லும் பழைய கரவன் ஒன்றுதான் அங்கே சமைக்கும் குசினியும் மருந்தறையும். போன வருடம் காட்டுப்பாதைக் கல்லில் அதன் அடிப்பாகம் இடித்து, தண்ணீர்க் குழாய் கிழிந்துவிட்டது. இனி இடிக்காதபடி அதை உயர்த்தித் தரக் கேட்டதற்கு, முடியாது என்று வாகனம் திருத்தும் வேலைத்தளத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

அண்ணை அதன் கீழே படுத்துப் பார்த்தார். ஜெர்மன் கொஞ்சம் தெரிந்தவள் என்பதால் அதே முகாமில் இருந்த என்னையும் கூட்டிப்போயிருந்தார்.

"உயர்த்தலாம், மலர். ஆனா ஏழு சென்ரிமீற்றர்தான். அதுக்கு மேல போனா ஓட்டத்தில ஆடும். அதையும் சிஸ்டருக்குச் சொல்லும்."

சக்கரத்தின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கனத்த இரும்புத் துண்டுகளை வைத்து, நீளமான போல்ட்டுகளால் இறுக்கினார். பிரேக் கம்பியை மறுபடி சரிசெய்தார். நாலு நாள் ஆனது.

சிஸ்டரோடு வாகனச் சோதனைக்குக் கொண்டுபோனோம். அதிகாரி அடியில் நின்று பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். அனுமதியில்லாமல் வேலை செய்தார் என்று எழுதிவிட்டால் அவருடைய அகதி விண்ணப்பமே சிக்கலாகிவிடும்.

"தெரியாது எண்டு சொல்லட்டே, அண்ணை?"

"வேண்டாம். பிள்ளையள் பாவிக்கிற வண்டி. பிழையெண்டா ஆரைக் கேக்கிறதெண்டு அவைக்குத் தெரியவேணும். நான்தான் எண்டு சொல்லும்."

சொன்னேன். ஏன் வெல்டிங் செய்து ஒட்டவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"சூடு பட்டா சட்டத்தின்ர பலம் குறையும். போல்ட் எண்டா வருசா வருசம் இறுக்கிப் பாக்கலாம்."

அதிகாரி ஒவ்வொரு போல்ட்டாகத் திருகுச் சாவி போட்டுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பிறகு சிஸ்டரிடம் திரும்பினார். "இவருக்குச் சம்பளம் கொடுத்தீர்களா?"

"இல்லை. உதவி கேட்டேன், செய்தார்."

சம்பளமில்லாத உதவி வேலையாகாது; அதிகாரி சோதனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆடியில் காட்டுப்பாதையில் அண்ணை கரவனோடு அதன் அடியைக் குனிந்து குனிந்து பார்த்தபடி நடந்தார். அந்தக் கல்லைத் தாண்டும்போது அதற்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் இரண்டு விரல் போக இடமிருந்தது. கார்களுக்குள் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் வெட்கப்பட்டு மரங்களைப் பார்த்தார்.

வேலை அனுமதி 1988இல்தான் வந்தது. சிஸ்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போய், லொறி திருத்தும் இடமொன்றில் சேர்ந்தார்.