சாமிக் கண்ணாடியும் என் சீப்பும்

பக்கத்து வீட்டுக்காரரின் சாமியைப் பார்த்து நான் தலை சீவியிருக்கிறேன். எழுபதுகளில், கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது.

அவர் ஜப்பானியர். மெலிந்த உடம்பு, வீட்டுக்குள்ளும் டை கட்டியிருப்பார். தினமும் காலையில், அலமாரி உச்சியிலிருந்த சிறிய மரக்கோயிலில் அரிசி, உப்பு, தண்ணீர் வைத்துக் கும்பிட்டு இரண்டு முறை கைதட்டுவார். சுவர் மெல்லியது, எங்களுக்கு அதுதான் அலாரம்.

அவர் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்று கடும் பனி. அவரை என் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சென்றேன். அவர் பூட்ஸ் மாட்டுவதற்குள், கோயில் முன்னாலிருந்த வட்டக் கண்ணாடியில் எக்கி நின்று தலை சீவினேன். எங்கள் வீடுகளில் சாமிக்குப் பக்கத்தில் கண்ணாடி இருந்தால் அது விபூதி பூசிக்கொள்ளத்தான். திரும்பினால், அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“அதில்தான் எங்கள் சாமி வந்து இறங்கும்,” என்றார்.

அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காரணம் என் சீப்புதான் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே ஓட்டினேன்.

மாலையில் டாக்டர் வந்து, “இனிமேல் பயமில்லை,” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்னை நோக்கி இடுப்பு வளையக் குனிந்து நிமிர்ந்தார்.

“இன்று சாமி உங்கள் முகத்தையும் பார்த்தது. நன்றி.”

கேலியா, நிஜமான நன்றியா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்றே மனைவியிடம் கேட்டேன்.

“அது கிடக்கட்டும்,” என்றாள். “சீவறதுக்கு உங்க தலையில என்னங்க இருக்கு?”