"நல்லா இருக்கேன் சார்"

என் நெஞ்சு முதலில் இறுகியது ஒரு திங்கட்கிழமை. நோய்க்கும் கிழமை உண்டு என்று அப்போது தெரியாது. எண்பதுகளின் பிற்பகுதி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் எனக்குப் பதினாறாவது வருடம். ஞாயிறு விடுமுறையில் சீராக இருக்கும் மூச்சு, திங்கட்கிழமை ஷிப்டில் பாதியிலேயே திணறும். புதன்கிழமைக்குள் பழகிவிடும். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டால் தூசி இறங்கிவிடும் என்றார்கள் உடன் வேலை பார்த்தவர்கள். கிலோ கணக்கில் தின்றேன். தூசி இறங்கவில்லை.

உடல் குறைபாட்டு உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். அது கிடைத்தால் தூசிக்குள் போகாமல் பிழைக்கலாம். மருத்துவக் குழு (குறைபாடு எவ்வளவு என்று தீர்மானிக்கும் டாக்டர்கள்) என்னைக் கூப்பிட்டது பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் காலை. நான்கு நாள் பஞ்சு படாத மூச்சு. தலைக்குக் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"நல்லா இருக்கேன் சார்."

வேறென்ன சொல்வது? பெரிய மனிதர் விசாரிக்கிறார். படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் எங்கள் ஊரில் இதுதான் பதில். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது என் நெஞ்சும் அன்று மரியாதையாக நடந்துகொண்டது. "நலமாக இருப்பதாக மனுதாரரே கூறுகிறார்" என்று மனு தள்ளுபடியானது.

மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் கெடு. நான் போடவில்லை. டாக்டரே எழுதிவிட்டார், நமக்குத்தான் மனப்பிரமை என்று நம்பி வேலைக்குப் போனேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது. பத்தாவது மாதம் மெஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்தேன்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா என்னைக் குழாயில் ஊதவைத்துப் பார்த்தார். "திங்கக்கிழமை அதிகமா இருந்துச்சா?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிசினோசிஸ் (பஞ்சுத் தூசியால் மூச்சுக்குழல்கள் இறுகும் நோய்) என்று அவர்தான் பெயர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பேச்சியம்மாள் பழைய தள்ளுபடிக் காகிதத்தைத் தேடி எடுத்தாள்.

"நீங்க சொன்னது விசாரிச்சவுகளுக்கு மருவாதி. ஒடம்பப் பத்தியா சொன்னிய? இத விடக்கூடாது, கெளம்புங்க" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எங்கள் வக்கீலே தயங்கினார். கெடு முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்றார். "ஆகட்டும், போடுங்க" என்றேன்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்று நீதிபதி கேட்டார்.

"என்ன நோய்னு எனக்கே தெரிஞ்சு ஒரு மாசந்தான்யா ஆகுது. அதுக்கு முன்னாடி எதச் சொல்லி அப்பீல் போட?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "நல்லா இருக்கேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே. இப்ப எப்படி இருக்கீங்க?"

'நல்லா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பஸ் ஸ்டாண்டுலருந்து இங்க வர அஞ்சு எடத்துல உக்காந்தேன்யா. உங்க மாடிப்படியில ரெண்டு தடவ. இம்புட்டுப் பேசுனதுக்கே மூச்சு வாங்குது, பாருங்க."

தாமதத்தை மன்னித்து, வேறொரு மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார். அவர்களும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் கால் மணி நேரம் பதில் சொன்னேன். உதவித்தொகை கிடைத்தது.

இதை வாசிக்கும் உங்கள் கையிலும் அப்படியொரு தள்ளுபடிக் காகிதம் இருக்கலாம். கெடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள்.

போன மூச்சு திரும்பவில்லை. இப்போது எனக்குக் கிழமைகளே இல்லை, எல்லா நாளும் திங்கட்கிழமைதான். தெருவை நான் தூரத்தால் அளப்பதில்லை, எங்கெங்கே உட்கார இடம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். வழியில் யாராவது, "அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோகப் பார்ப்பார்கள்.

"செத்த நேரம் உக்காருங்க, சொல்லுதேன்" என்பேன்.