துரையின் காரில் வான் இஞ்சின்

மலைநாட்டுத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தைக் கலவரத்தில் எரித்த பிறகு, வெள்ளாங்குளத்தில் காணி கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் பல குடும்பங்கள் ஒரே லொறியில் புறப்பட்டோம். மற்றவர்கள் பானை சட்டியையும் படுக்கையையும் ஏற்றினார்கள். நான் லொறிக்குப் பின்னால் கயிறு போட்டு ஒரு காரைக் கட்டினேன்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நாட்டைவிட்டுப் போகும்போது, தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் வேலை பார்த்த எனக்கு விட்டுப்போனது. ஓடாத கார் என்பதால் வேறு யாரும் கேட்கவில்லை. அதை நான் ஓடவைத்திருந்தேன். அவ்வளவு தூரத்துக்குப் பெற்றோல் வாங்கக் காசில்லாததால்தான் கயிறு. இறக்கத்தில் இழுபட்டு வந்த காரின் சுக்கானைப் பிடித்தபடி நானும், மடியில் அரிசி மூட்டையோடு என் மனைவியும் வந்தோம். சந்திகளில் ஆட்கள் நின்று பார்த்தபோதெல்லாம் அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அம்மிக்கல்ல விட்டுட்டு இத இழுத்துட்டு வர்றோமே, வெக்கமா இருக்குங்க” என்றாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளாங்குளத்தில் காடு வெட்டினோம், கூலிக்குப் போனோம், பிறகு எங்கள் காணியில் நிலக்கடலை போட்டோம். கார் பின்பக்கம் ஒரு கொட்டிலில் நின்றது. மாலையில் துடைப்பேன். எப்போதாவது வீதிவரை ஓட்டிப்போய் வருவேன். அதைக் கண்டால் சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. எனக்கும் அந்தச் சிரிப்பு பழகிவிட்டது.

சண்டை தொடங்கி, எங்கள் பக்கத்துக்கு எரிபொருள் வராமல் அரசாங்கம் தடுத்தபின் யாரும் சிரிக்கவில்லை. டீசல் இல்லாமல் உழவு இயந்திரங்கள் நின்றுவிட்டன. பெற்றோல் மருந்துபோல ஆனது. சிறிய போத்தலில் இருக்கும் பெற்றோலை விட்டு இஞ்சினைத் தொடக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டக் கற்றுக்கொண்டோம். மண்ணெண்ணெயில் என் காரின் சிறிய இஞ்சினுக்குப் பாதிப் பலம் போய்விடும். கரும்புகை கக்கும், தட்டும், மேடு கண்டால் நின்றுவிடும். ஆனாலும் ஊரில் அசையக்கூடிய வாகனம் அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மலேரியாக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. எங்களோடு அதே லொறியில் வந்தவள். அவளைப் பக்கத்து இருக்கையில் சாய்த்துச் சேலையால் கட்டி, முழங்காவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். அவள் புருஷன் சைக்கிளில் பின்னால் வந்தான். குளக்கட்டைத் தாண்டியதும் மணல். முதலாம் கியரில்கூட இஞ்சின் இழுக்கவில்லை. நான்கு பேர் வந்து தள்ளினார்கள். சக்கரம் புதைந்ததே தவிர கார் நகரவில்லை. கடைசியில் ஒரு மாட்டுவண்டிலை மறித்து அவளை மாற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் வண்டிலிலேயே அவள் உயிர் போய்விட்டது.

செத்த வீட்டில் அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “நீ என்னப்பா செய்வ? அந்த மெஷினுக்குப் பலம் அவ்வளவுதான்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. இஞ்சினோடு வாழ்ந்தவன் நான். பலம் போதாது என்றால் கூட்டலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழைய இஞ்சினைக் குடைந்து பெரிதாக்கச் சாமான் கிடையாது. வேறு பெரிய இஞ்சின் ஒன்றைத்தான் மாற்றிப் பூட்டவேண்டும். தேவன்பிட்டியில் ஒரு வீட்டின் பின்னால் யப்பான் வான் ஒன்று நிற்பதாகச் சொன்னார்கள். ஓட முடியாதபடி உடைந்த, ஆனால் இஞ்சின் பழுதில்லாத வான். யாருக்கும் கொடுக்கமாட்டார்களாம்.

அந்த வீட்டில் ஒரு விதவைத் தாய் தனியாக இருந்தார். அவருடைய ஒரே மகன் அந்த வானை விடத்தல்தீவுக்கும் பூநகரிக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓட்டியவன். ஒருநாள் ஹெலிகொப்டர் வீதியில் போன வாகனங்களைச் சுட்டபோது, சுக்கானைப் பிடித்தபடியே செத்துப்போனான்; வான் மரத்தில் மோதி நின்றது. வானை இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். அம்மா அதைத் தென்னோலைக் கிடுகால் மூடி வைத்திருந்தார்.

முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: “ஆர்?”

“வெள்ளாங்குளத்துலேருந்து வர்றேங்கம்மா. அந்த வேன் இஞ்சினப் பத்திக் கேக்கணும்.”

“இயக்கப் பொடியளும் வந்து கேட்டவங்கள். படகுக்குப் பூட்டவாம். ஏலாது எண்டிட்டன். உங்களுக்கு என்னத்துக்கு?”

“ஒரு சின்னக் காருங்கம்மா. நோயாளிய ஏத்துனா மணல்ல இழுக்க மாட்டேங்குது.”

அப்போதுதான் என்னைப் பார்த்தார். “ஆரும் செத்துப்போச்சினமோ?”

“ஆமாங்கம்மா. பக்கத்து வீட்டுப் பொண்ணு. போன மாசம்.”

கருவாட்டைப் பரப்பி முடித்தார், கையைக் கழுவினார், பின்பக்கம் நடந்துபோய்த் தானே கிடுகுகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டார். வானின் கூரையில் குண்டு துளைத்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன.

“கழட்டுங்கோ” என்றார். “காசு கீசு எண்டு கதைக்க வேண்டாம். ஒண்டு மட்டும், தம்பி. இந்த வானில இஞ்சின் அவன் இருந்த சீற்றுக்குக் கீழதான். அதில எங்கயாவது அவன்ர இரத்தம் கிடந்தா, எனக்குக் காட்டாமக் கழுவிப்போடுங்கோ.”

இரத்தம் இருந்தது. இஞ்சின் மூடியின் இடுக்குகளில் எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து கறுத்துக் காய்ந்துபோயிருந்தது. இஞ்சினை மாட்டுவண்டிலில் ஏற்றி, வைக்கோலால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மண்ணெண்ணெயை வீணாக்காதே என்று எப்போதும் சத்தம்போடும் என் மனைவி, விளக்குக்கு வைத்திருந்ததை எடுத்துவந்து தானே துணியை நனைத்துத் துடைத்தாள். பிறகு இஞ்சினுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள்.

“எந்தச் சாமிக்கு?” என்றேன்.

“சாமிக்கு இல்லங்க. அந்தப் பையனுக்கு.”

அந்த இஞ்சினைக் காரில் பூட்டியது என் வாழ்நாளிலேயே பெரிய வேலை. பழையதைவிட அது நீளம், பாரம். தாங்கிகள் பொருந்தவில்லை. கியர்பெட்டியையும் வானிலிருந்தே எடுத்ததால் காரின் தரைத்தகட்டை வெட்டவேண்டி வந்தது. பின்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு நீளமாகப் போய்விட்டது. அதை வெட்டி வெல்டிங்கில் ஒட்ட, முழங்காவிலில் ஜெனரேற்றர் வைத்திருந்த ஒருவரிடம் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அவர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, “இது பறக்குமடா, ஆனா நிக்குமோ?” என்று சிரித்தார். சூடு தாங்காமல் போகுமென்று, கைவிடப்பட்ட உழவு இயந்திரத்தின் றேடியேற்றரை முன்னால் வைத்தேன். முன்மூடியான பொனற்றை மூட முடியவில்லை. கழற்றி வைத்துவிட்டேன். துரை பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

முதல்நாள் இலுப்பைக்கடவைப் பக்கம் நேரான வீதியில் கொண்டுபோனேன். காலை அழுத்தியதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. குழியும் குண்டுமான வீதியில் கார் ஓடவில்லை, பாய்ந்தது. கண்ணில் நீர் வழியும்வரை ஓட்டினேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, பயமில்லாமல் ஒரு சந்தோஷம். திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். பிறேக் அந்தப் பழைய சின்ன இஞ்சினுக்குச் செய்த பிறேக். கார் வழுக்கிக்கொண்டே போய் வீதியோரப் பற்றைச் செடிகளுக்குள் நின்றது. ஆடு தப்பியது. அந்தப் பையனின் இஞ்சினை எடுத்து விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அதன்பிறகு பலத்துக்காக மட்டும்தான் அதை ஓட்டினேன், வேகத்துக்காக அல்ல.

கடலோரத்து நோயாளிகளை ஏற்ற அந்த அம்மாவின் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல்தடவை போனபோது, கார் வேலிக்கு அருகே வருமுன்னரே அவர் ஓடிவந்து நடுவீதியில் நின்றுவிட்டார். கையில் அகப்பை. தலைமயிர் அவிழ்ந்திருந்தது. காரை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பொனற் இல்லாத இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சால வராதேங்கோ, தம்பி” என்றார். “சத்தம் கேட்டோடன சோறு போட எழும்பிட்டன்.”

அன்றிலிருந்து நான் வயலுக்கூடாக வண்டில் பாதையால் சுற்றிப் போனேன். தூரமான பாதை. மண்ணெண்ணெய் கூடச் செலவானது. மழைக்காலத்தில் சேறு. ஆனாலும் அந்த இஞ்சின் இழுத்தது. பிரசவவலியோடு இருந்தவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் ஷெல் துண்டு பட்டவர்களையும் என்னருகே இருந்த அந்த ஒற்றை இருக்கையில் சாய்த்துக் கொண்டுபோனேன். எல்லாரும் பிழைக்கவில்லை. ஆனால் வழியில் புதைந்து யாரும் சாகவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு வெயில் நேரத்தில் அந்த அம்மா தேவன்பிட்டியிலிருந்து நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி மோர் கொடுத்தாள். குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தார்.

“ஏன் தம்பி, எங்கட பாதையால வாறேல்லை?”

“நீங்கதானேம்மா வர வேணாம்னு சொன்னீங்க.”

“ஓம், நான்தான் சொன்னனான்.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். “தூரத்தில வயல் பக்கம் போறது கேக்குது. கேட்டும் கேளாமலும் கிடக்கிறது அதைவிடக் கொடுமையாக் கிடக்கு. கிட்டவா வாங்கோ. எனக்குப் பழகும்.”

பிறகு இன்னொன்று கேட்டார். மகன் செத்த இடத்தை அவர் பார்த்ததே இல்லை. உடலை வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த இடத்துக்குத் தன்னைக் கூட்டிப்போக முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்தபின் போனோம். அவர் என்னருகே உட்கார்ந்தார். ஒரு கையால் கதவை இறுக்கிப் பிடித்திருந்தார். பள்ளமடுவுக்கு இப்பால் வீதியோரத்தில் ஒரு பாலைமரம். வான் மோதிய இடத்தில் பட்டை உரிந்து, விளிம்பு தடித்து வளரத் தொடங்கியிருந்தது. காரை நிறுத்தி இஞ்சினை அணைக்கப் போனேன்.

“நிப்பாட்டாதேங்கோ” என்றார். “கிடக்கட்டும்.”

மண்ணெண்ணெய் எவ்வளவு அரிது என்று அவருக்கும் தெரியும். இஞ்சினை அப்படியே ஓடவிட்டேன். அவர் இறங்கிப்போய் அந்தப் பட்டையைத் தடவினார். முழங்காலில் நின்று செபம் சொன்னார். இஞ்சின் சத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஹெலிகொப்டர் வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நான் இருந்தேன். அந்த வீதியில் எல்லாரும் அப்படித்தான் இருப்போம். அவர் எழும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் நனைந்திருந்தது. “போவம்” என்றார். திரும்பும் வழியில்தான் மகனைப்பற்றி முதன்முறையாக என்னிடம் கதைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கள்ளம் அடித்தது, மீன்குழம்பு என்றால் உயிர், வானுக்குப் புதிய ரயர் போட்ட நாளில் அவரை ஏற்றிக்கொண்டு மடு மாதா கோயிலுக்குப் போனது. நானும் என் தம்பியைப்பற்றிச் சொன்னேன். லயம் எரிந்த அன்று ஓடியவன். எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோவார். என் மனைவிக்குக் கருவாடு கொண்டுவருவார், நிலக்கடலை வாங்கிப்போவார். அப்படிப் பல வருடங்கள் போயின. இடையில் சமாதானம் என்றார்கள். பெற்றோல் வந்தது. கார் முதன்முறையாக அதன் முழுப்பலத்தோடு ஓடியது. அது அதிககாலம் நிலைக்கவில்லை.

கடைசிச் சண்டை மன்னார்ப் பக்கமிருந்து எங்களை நோக்கி வந்தபோது ஊரோடு கிழக்கே நகர்ந்தோம். அந்த அம்மாவைக் காரில் ஏற்றினேன். என் மனைவி பொதிகளோடு பின்னால் தொற்றிக்கொண்டாள். அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சநாள். விசுவமடுவுக்கு அப்பால் வீதி முழுக்கச் சனம். மண்ணெண்ணெய் தீர்ந்துபோனது. வாங்கவும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் ஓட்ட இடமில்லை. காரை வீதியோரம் ஒரு தென்னந்தோப்புக்குள் தள்ளிவிட்டோம்.

“இனி இதை விடுவம், தம்பி” என்று அவர்தான் சொன்னார். நான் தயங்கி நின்றதைப் பார்த்து, என் மனைவியின் பொதி ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினார். நாங்கள் பின்னால் போனோம்.

மூவரும் உயிரோடு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். மீளக் குடியேறியபின் ஒருமுறை அந்தத் தோப்பைத் தேடிப்போனேன். தென்னைகள் தலையில்லாமல் நின்றன. கார் இல்லை. அதைப்பற்றி விசாரிக்கவும் மனம் வரவில்லை.

அந்த அம்மா தன் ஊரில்தான் காலமானார். செய்தி கேட்டு நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். அவரைப் புதைக்கும் சேமக்காலையில் ஒதுங்கி நின்ற என்னை, வெளியிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் “இவர் ஆர்?” என்று கேட்டார்.

என்ன உறவு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவின் தங்கை மகள் முந்திக்கொண்டு சொன்னாள்: “அண்ணையின்ர இஞ்சினை வைச்சு ஓடினவர். பெரியம்மாவின்ர ஆள்.”

மண் போட எனக்கும் வழிவிட்டார்கள்.